உள்ளங்கையில் வந்தால் ஒன்று, காதோரம் வந்தால் வேறொன்று! தெரியுமா?

உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறீர்கள். அவர் தடிப்பை உற்றுப் பார்ப்பதற்கு முன்பே என்ன கேட்கிறார், கவனித்திருக்கிறீர்களா? "காய்ச்சல் என்னைக்கு வந்தது? தடிப்பு என்னைக்கு வந்தது? முதல்ல எந்த இடத்துல பார்த்தீங்க?"

இந்த மூன்று கேள்வியிலேயே பாதி நோய் பிடிபட்டுவிடும்! வைரஸ் தடிப்புகள் பலவும் நிறத்தில் அக்கா தங்கைகள்தான். ஆனால் வரும் நாள் வேறு, வரும் இடம் வேறு! க்ரெச், ப்ளே ஸ்கூல், அங்கன்வாடி என்று குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் வாயைப் பிளக்கும்படி இதில் எத்தனை விஷயம் இருக்கிறது தெரியுமா?

காய்ச்சல் விட்ட பிறகுதான் கதையே ஆரம்பம்!

மூன்று, நான்கு நாளாக 103, 104 டிகிரி. சளி பெரிதாக இல்லை. தொண்டையிலும் ஒன்றும் இல்லை. வீடே தூக்கம் கெட்டுக் கிடக்கிறது. அடுத்த நாள் காலையில் உடம்பு சட்டென்று ஜில்! 'அப்பாடா' என்று சட்டையைக் கழற்றினால் நெஞ்சு, வயிறு, முதுகு எங்கும் இளஞ்சிவப்புப் புள்ளிகள்! பெற்றவர்களுக்கு வயிற்றில் புளி கரைகிறது. குழந்தையோ சிரித்து விளையாடிக்கொண்டிருக்கிறது!

இதுதான் ரோசியோலா. காய்ச்சல் போனதும் தடிப்பு. தடிப்பு வந்ததும் நோய் முடிந்தது! அரிப்பு இருக்காது, ஓரிரு நாளில் சுவடு தெரியாமல் மறைந்தும் போகும்.

வேடிக்கை என்ன தெரியுமா? மூன்றாம் நாள் யாராவது ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், ஐந்தாம் நாள் வரும் இந்தத் தடிப்புக்கான பழி மருந்தின் மேல் விழுந்துவிடும்! 'இந்தக் குழந்தைக்கு அமாக்ஸிசிலின் ஒத்துக்கொள்ளாது' என்று ஒருமுறை ஃபைலில் ஏறிவிட்டால், பள்ளிக்கூடம், கல்லூரி வரை அந்த வரி கூடவே வரும். செய்தது வைரஸ், தண்டனை மருந்துக்கு!

இரண்டு வயதுக்குள் 10 குழந்தைகளில் 9 பேரை இந்த வைரஸ் தொட்டுவிடுகிறது என்றால் நம்புவீர்களா? பலருக்குத் தடிப்பே வராமல் வெறும் காய்ச்சலாகக் கழிந்துவிடும். க்ரெச்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் இது கொஞ்சி முத்தம் கொடுக்கும் பெரியவர்களின் எச்சில் வழியாகத்தான் வருகிறது!

வைரஸோடு பிறக்கும் மனிதர்கள்!

ரோசியோலாவை 1910-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் குழந்தை மருத்துவர் ஜான் ஸஹோர்ஸ்கி விவரித்து எழுதினார். காரணமான கிருமி எப்போது பிடிபட்டது தெரியுமா? 1988-இல்! ஜப்பானில் யமனிஷி குழுவினர், அதற்கு 2 ஆண்டுகள் முன்புதான் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டிருந்த 'ஹெச்.ஹெச்.வி-6' என்ற வைரஸ்தான் ஆசாமி என்று காட்டினார்கள். 78 வருடத் துப்பறியும் கதை!

அதைவிடப் பெரிய அதிர்ச்சி இது. உலகில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவர், இந்த வைரஸின் மரபணுவைத் தன் குரோமோசோமுக்குள்ளேயே வைத்துக்கொண்டு பிறக்கிறார்! அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ பரம்பரையாக வருகிறது. அவருடைய தலைமுடி வேரிலும் வைரஸின் மரபணு, நகத்திலும் வைரஸின் மரபணு! தொற்றியதல்ல, பிறவிச் சொத்து!

1, 2, 3, 5, 6... 4 எங்கே?

குழந்தைத் தடிப்புகளுக்கு ஒரு காலத்தில் டாக்டர்கள் நம்பர் போட்டார்கள் தெரியுமா? முதல் நோய் தட்டம்மை. இரண்டாவது ஸ்கார்லெட் காய்ச்சல் (இது மட்டும் பாக்டீரியா வேலை). மூன்றாவது ரூபெல்லா. நான்காவது, 1900-இல் க்ளெமென்ட் டியூக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 'கண்டுபிடித்த' புது நோய். பிறகு பார்த்தால் அப்படித் தனியாக ஒரு நோயே இல்லை! பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஐந்தும் ஆறும் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. ஆறாவது, மேலே பார்த்த ரோசியோலா. ஐந்தாவது?

கன்னம் சிவந்தால் தொற்று காலி!

ஐந்தாம் நோய்க்கு இன்றைக்கும் பெயரே 'ஐந்தாம் நோய்'தான்! யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இரண்டு கன்னமும் சிவக்கும். சில நாளில் கையிலும் காலிலும் வலை பின்னியதுபோல் தடிப்பு படரும். வெயிலில் நின்றால், வெந்நீரில் குளித்தால், மறைந்த தடிப்பு மறுபடி எட்டிப் பார்க்கும்!

'ஐயோ, கன்னம் சிவந்திருக்கே, மத்தப் பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமே' என்று க்ரெச்சில் திருப்பி அனுப்புகிறார்களா? கன்னம் சிவக்கும் நேரத்தில் தொற்றும் காலமே முடிந்துவிட்டது! போன வாரம், 'சும்மா சளிதான்' என்று மூக்கொழுகிக்கொண்டு வந்தானே, அப்போதே கொடுக்க வேண்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது!

இந்த வைரஸுக்கு 'பார்வோ பி19' என்று பெயர் வந்த கதை தெரியுமா? 1975-இல் லண்டனில் இவோன் கோஸார்ட் என்ற பெண் விஞ்ஞானி மஞ்சள் காமாலைக்காக ரத்த மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 'பி' வரிசையில் 19-ஆம் மாதிரியில் வேறு ஏதோ தெரிந்தது. அவ்வளவுதான், மாதிரியின் இடமே வைரஸின் பெயராகிவிட்டது! மனித மரபணுவில் 300 கோடி எழுத்துகள் என்றால், இதில் சுமார் 5,600-தான்! அந்த 5,600 எழுத்தை வைத்துக்கொண்டு, ரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கும் செல்களுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. நுழையும் வாசல், 'பி ஆன்டிஜன்' என்ற பொருள். அது இல்லாமல் பிறக்கும் மிக அபூர்வமான சிலரை இந்த வைரஸால் தொடவே முடியாது!

ஒரு ஆள் மட்டும் இதைக் கேட்டதும் உஷாராக வேண்டும். க்ரெச்சில் வேலை செய்யும் கர்ப்பிணி! வயிற்றுக் குழந்தைக்கு ரத்தசோகை வர வாய்ப்பு உண்டு. உடனே மகப்பேறு டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்கச் சிற்றூரின் பெயர் நம் ஊர்க் குழந்தையின் கையில்!

க்ரெச் என்றாலே இப்போது அதிகம் அடிபடும் பெயர் எது? கை, கால், வாய் நோய்! மழைக்காலத்தில் ஒரு குழந்தைக்கு வந்தால் அந்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் அடுத்தடுத்து உள்ளங்கை ஃபோட்டோக்கள்!

பெரும்பாலும் இதைக் கொண்டுவருவது 'காக்ஸாக்கி' வைரஸ். காக்ஸாக்கி யார், விஞ்ஞானியா? இல்லை, ஊர்! நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர். 1940-களின் பிற்பகுதியில் அங்கே போலியோ மாதிரி கால் விழுந்த இரண்டு குழந்தைகளின் மலத்தைக் கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கில்ஸும் ஆராய்ந்தார்கள். வளர்ந்த எலிக்குக் கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. பிறந்த எலிக்குஞ்சுக்குக் கொடுத்தால் படுத்துவிட்டது! 1948-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பச்சிளம் உயிர்தான் இதற்கு இலக்கு என்று எலிக்குஞ்சே சொல்லிவிட்டது, பாருங்கள்!

அந்தக் கொப்புளத்தை வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வட்டமாக இருக்காது, நீள்வட்டம்! நடுவில் சாம்பல் கலந்த வெள்ளை, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். உள்ளங்கையில் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கமாகவே நீண்டு கிடக்கும்! உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம், முழங்கால். இந்த ஐந்து இடமும் சேர்ந்து வந்தால் டாக்டருக்குப் பெரிய யோசனையே தேவைப்படாது. கைக்குழந்தைக்குத் தடிப்புக்கு முன்பே ஒரு துப்பு கிடைக்கும். பசியில் அழும், பாட்டிலை வாயில் வைத்ததும் வீறிடும், ஜொள்ளு நிற்காமல் ஊற்றும்! உள்ளே வாய்ப்புண். அந்த நேரத்தில் ரசம் சோறு வேண்டவே வேண்டாம். ஆறிப்போன ராகிக் கூழும் தயிரும் இறங்கும்.

மாட்டுக்கு வரும் கோமாரிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? கிடையாது! வேறு வைரஸ். மாட்டிலிருந்து குழந்தைக்கோ, குழந்தையிலிருந்து மாட்டுக்கோ இந்த நோய் தாவாது!

தக்காளி செய்யாத தப்பு!

2022 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? கேரளத்தின் கொல்லத்தில் 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குச் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். 'தக்காளிக் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். ஜூலைக்குள் 82 குழந்தைகள்! புது வைரஸா, கொரோனாவின் தம்பியா என்று டிவியில் ஒரே கலவரம். கோவைப் பக்கம் வாளையாறு எல்லையில் நம் சுகாதாரத் துறை நின்று, வரும் குழந்தைகளுக்குத் தடிப்பு இருக்கிறதா என்று பார்த்தது!

கடைசியில் குட்டு உடைந்தது எங்கே தெரியுமா? இங்கிலாந்தில்! கேரளத்துக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிய இரண்டு குழந்தைகளுக்கு அதே கொப்புளம். பரிசோதித்தால், பழைய பாவி காக்ஸாக்கி ஏ16! தக்காளிக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பாவம், அந்த வருடம் தக்காளி வாங்கப் பயந்த வீடுகள்கூட உண்டு.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. 2003-லேயே கோழிக்கோட்டில் பதிவாகியிருக்கிறது!

நாடு முழுக்கப் பாலர் பள்ளிகளுக்குப் பூட்டு!

கை, கால், வாய் நோய் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானே போய்விடும். ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு முரடன் இருக்கிறான். பெயர் என்டெரோவைரஸ் 71. சில குழந்தைகளுக்கு மூளை வரை போய்விடுவான்! 1998-இல் தைவானில் பதிவான நோயாளிகள் 1,29,106. இறந்தவர்கள் 78 பேர். 2000 அக்டோபரில் சிங்கப்பூர் என்ன செய்தது தெரியுமா? நாட்டிலிருந்த பாலர் பள்ளிகளையெல்லாம் ஒரேயடியாக மூடியது! ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த மாதமே அங்கே சட்டமும் வந்தது!

சீனாவில் 2008 முதல் 2012 வரை ஐந்தே ஆண்டில் பதிவானவர்கள் எத்தனை பேர்? 72 லட்சம்! 2015 டிசம்பரில் சீனாவே இந்த 71-க்கு எதிராகத் தடுப்பூசியை அனுமதித்தது. ஆனால் அந்த ஊசி காக்ஸாக்கி ஏ16-ஐ ஒன்றும் செய்யாது! ஒரே மாதிரிக் கொப்புளம், வேறு வேறு வைரஸ். அதனால்தான் ஒரே குழந்தைக்கு இந்த நோய் இரண்டாவது முறையும் வருகிறது. 'ஒருமுறை வந்தாச்சு, இனி வராது' என்ற கணக்கு இங்கே செல்லாது!

ஒரு மாதம் கழித்து நகம் கழன்றால்?

எல்லாம் ஆறி, எல்லோரும் மறந்து, குழந்தை ஓடியாடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஒரு நாள் விரல் நகம் அடியிலிருந்து பெயர்ந்து வருகிறது! ஒன்றல்ல, நாலைந்து! வலியே இல்லை!

கதவில் நசுங்கியதா? கால்சியம் குறைவா? எதுவும் இல்லை. இது கை, கால், வாய் நோய் மூன்று முதல் எட்டு வாரம் கழித்து அனுப்பும் ரசீது! முக்கியமாகக் காக்ஸாக்கி ஏ6 என்ற வகைக்கு இது வாடிக்கை. 2008-இல் பின்லாந்திலும் ஸ்பெயினிலும் குழந்தைகளுக்குக் கூட்டமாக நகம் கழன்றபோதுதான் டாக்டர்கள் இந்த முடிச்சை நன்றாகப் பிடித்தார்கள். காய்ச்சல் காலத்தில் நகத்தின் வேர் கொஞ்ச நாள் வேலையை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். அடியிலேயே புது நகம் வளர்ந்துகொண்டிருக்கும்!

இதே ஏ6-க்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. குழந்தைக்கு ஏற்கெனவே கரப்பான் இருந்தால், அந்த இடமாகப் பார்த்துக் கொப்புளங்களைக் குவித்துவிடும்! பார்க்கிறவர்கள் சின்னம்மை என்றே சத்தியம் செய்வார்கள்.

சானிடைசருக்குப் பயப்படாத வைரஸ்!

க்ரெச் வாசலில் பெரிய சானிடைசர் பாட்டில் வைத்திருக்கிறார்களா? நல்லது. ஆனால் காக்ஸாக்கி அதைப் பார்த்துப் பெரிதாகப் பயப்படுவதில்லை! கொரோனாவுக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் பட்டதும் கிழிந்துவிடும். காக்ஸாக்கிக்கு அந்த உறையே கிடையாது! சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து தள்ளிவிடும்.

கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் பல வாரங்களுக்கு வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும் தெரியுமா? அப்படியானால் பரவும் இடம் எது? டயப்பர் மாற்றும் மேஜை! அடுத்தடுத்து ஆறு குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றும் ஆயாம்மாவின் கைக்குப் பக்கத்திலேயே ஒரு குழாயும் சோப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். க்ரெச் தேடும்போது சுவரில் வரைந்த யானைப் படத்தைவிட அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்!

இன்னொன்று! 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் க்ரெச் வசதி இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தினார்கள். அம்மா ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம்! நாலில் ஒரு முறை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்துவிட்டு வரலாமே!

ஒரு குழந்தையிலிருந்து 18 குழந்தைகள்!

உலகிலேயே வேகமாகத் தொற்றும் நோய்களில் முதல் வரிசையில் இருப்பது எது? தட்டம்மை! எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடுவார்! அந்தக் குழந்தை அறையை விட்டுப் போய் 2 மணி நேரம் வரை வைரஸ் காற்றில் காத்திருக்கும்! தடுப்பூசி போடாத 10 பேர் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்கு வந்துவிடும்!

இதன் தடிப்பு எங்கே தொடங்குகிறது? காதின் பின்புறம், நெற்றியில் முடி தொடங்கும் ஓரம்! அங்கிருந்து முகம், கழுத்து, நெஞ்சு, வயிறு என்று தினம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக் கால் வரை போகும். ரோசியோலாவுக்கு நேர் எதிர்! அங்கே காய்ச்சல் விட்டதும் தடிப்பு, இங்கே தடிப்பு வரும்போதுதான் காய்ச்சல் உச்சத்துக்கு ஏறும். கூடவே இருமல், ஒழுகும் மூக்கு, சிவந்த கண்.

தடிப்புக்கு ஓரிரு நாள் முன்பே தட்டம்மை வாய்க்குள் கையெழுத்துப் போட்டுவிடும், தெரியுமா? டார்ச் அடித்துக் கன்னத்தின் உள்பக்கம் பாருங்கள். கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, சிவந்த சவ்வின் மேல் ரவையைத் தூவியதுபோல் பொடிப் பொடி வெள்ளைப் புள்ளிகள்! 1896-இல் நியூயார்க் டாக்டர் ஹென்றி காப்ளிக் எழுதிய இந்தப் புள்ளிகள் இன்றும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. தடிப்பு வந்த ஓரிரு நாளில் அழிந்துவிடும். பார்த்தவர் அதிர்ஷ்டசாலி!

65 வருடம் மறக்காத உடம்பு!

1846. வட அட்லாண்டிக்கில் ஃபரோ தீவுகள். மக்கள்தொகை சுமார் 7,800. தட்டம்மை வந்து இறங்கியது. சில மாதத்தில் 6,000 பேருக்கு மேல் படுக்கை! விசாரிக்கப் போன இளம் டேனிஷ் டாக்டர் பீட்டர் பானம் ஒரு விசித்திரத்தைக் கண்டார். கிழவர்கள் சிலர் மட்டும் ஜாலியாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்! யார் அவர்கள்? 1781-இல் அங்கே தட்டம்மை வந்தபோது குழந்தைகளாக இருந்து பிழைத்தவர்கள். 65 வருடம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை!

ஆனால் அதே தட்டம்மை மற்ற நோய்களைப் பற்றிய ஞாபகத்தை அழித்துவிடும் என்றால்? 2019-இல் வெளியான ஆய்வு, தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் பார்த்தது. பழைய நோய்களுக்கு எதிரான ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணோம்! ஸ்லேட்டைத் துடைத்த மாதிரி!

நம் ஊரில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது. க்ரெச்சில் இருக்கும் 7 மாதக் குழந்தைக்கு? ஊசி இன்னும் போடவில்லை! அம்மாவிடமிருந்து கிடைத்த பாதுகாப்பும் கரைந்துகொண்டிருக்கும் நேரம். சுற்றியிருக்கும் பெரிய பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான் அதற்குக் கவசம்!

தாத்தாவின் அக்கியும் பேரனின் சின்னம்மையும் ஒரே வைரஸ்!

இது தெரியுமா? தாத்தாவின் இடுப்பில் பட்டையாக எரிந்துகொண்டு வரும் அக்கியும், பேரனுக்கு உடம்பெங்கும் முத்து முத்தாக வரும் சின்னம்மையும் ஒரே வைரஸின் வேலை! சிறு வயதில் சின்னம்மை போட்டு இறங்கியதும் வைரஸ் போய்விடுவதில்லை. நரம்பு வேரில் போய்ப் படுத்துக்கொள்ளும்! ஐம்பது, அறுபது வருடம் கழித்து எழுந்து, ஒரே ஒரு நரம்பின் வழியே வெளியே வந்தால் அதுதான் அக்கி. குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் 'அக்கி எழுதி'க்கொண்டு வரும் தாத்தா பேரனைத் தூக்கிக் கொஞ்சினால், கொப்புளத்து நீர் பட்டுப் பேரனுக்குச் சின்னம்மை வரலாம்! க்ரெச்சில் யாருக்கும் இல்லாமல் எப்படி வந்தது என்ற புதிருக்குச் சில சமயம் விடை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும்!

சின்னம்மையின் அடையாளம்? புதுச் சிவப்புப் புள்ளி, நீர் கோத்த முத்து, காய்ந்த பொருக்கு. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே வயிற்றில்! 250 முதல் 500 வரை எண்ணலாம்! உச்சந்தலையிலும் தேடுங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும்.

வாசலில் வேப்பிலை செருகி, 'இந்த வீட்டுக்குள் வராதீர்கள்' என்று ஊருக்குச் சொன்னார்கள் நம் முன்னோர். அபாரமான தனிமைப்படுத்தல்! ஆனால் சின்னம்மை அதிலும் ஒரு படி முந்திக்கொள்கிறது. முதல் முத்து தெரிவதற்கு 2 நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும்! எல்லா முத்தும் பொருக்கு தட்டும் வரை க்ரெச்சுக்கு விடுமுறைதான். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழி விட்டுவிடும்!

தடுப்பூசிக் கதை இன்னும் ஜோர்! 1960-களில் ஜப்பான் டாக்டர் மிச்சியாகி தகஹாஷியின் மகன் சின்னம்மையில் துடித்தான். அதைப் பார்த்த அப்பா வைரஸை அடக்கும் வேலையில் இறங்கினார். ஓகா என்ற குடும்பப் பெயர் கொண்ட 3 வயதுச் சிறுவனின் கொப்புளத்திலிருந்து வைரஸை எடுத்து, பலவீனப்படுத்தி, 1974-இல் தடுப்பூசியாக அறிவித்தார். இன்று உலகமெங்கும் குழந்தைகளுக்குப் போகும் சின்னம்மை ஊசிகளில் பெரும்பாலானவை அந்த ஒரே சிறுவனின் கொப்புளத்திலிருந்து வந்த வழி! தட்டம்மையும் அப்படித்தான். 1954-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனிடம் எடுத்த வைரஸின் வாரிசுதான் நம் ஊர் ஊசியிலும் இருக்கிறது!

பெரியம்மையின் தூரத்துச் சொந்தம் க்ரெச்சில்!

பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-இல் உலகமே அறிவித்தது அல்லவா? அதே வைரஸ் குடும்பத்தில் ஒரு சாது இன்னும் க்ரெச்சில் சுற்றிக்கொண்டிருக்கிறது! மொலஸ்கம். 2 முதல் 5 மில்லிமீட்டரில் பளபளப்பான பரு, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழி. வலிக்காது. மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் இருந்துவிட்டுத் தானே போகும்!

கன்னம், கை, கால், பிட்டம் எல்லாம் பொரிந்து, நெஞ்சும் வயிறும் மட்டும் சுத்தமாக இருந்தால்? 1955-இல் மிலான் டாக்டர் ஜியானோட்டி சொன்ன தடிப்பாக இருக்கலாம். பல வைரஸ்கள் இதைக் கொண்டுவரும். வாரக்கணக்கில் நிற்கும், பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது!

பி.சி.ஜி. தழும்பு பேசும்!

பிறந்ததும் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு, மாதங்கள் கழித்துத் திடீரென்று சிவந்து வீங்கினால்? கவனம்! 5 நாளாக விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, உடம்பில் தடிப்பு, இவற்றோடு தழும்பும் சிவந்தால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். வைரஸ் தடிப்பு என்று எல்லோரையும் ஏமாற்றும்! ஜப்பான் டாக்டர் டொமிசாகு கவாசாகி 1967-இல் 50 குழந்தைகளை வைத்து எழுதினார். இதயத்தின் ரத்தக் குழாயையே தாக்கும் நோய் இது. 10 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்!

கைக்குழந்தையின் மூக்கு நுனி திடீரென்று கறுத்தால்? சிக்குன்குனியா விட்டுச் சென்ற அடையாளமாக இருக்கலாம்! அது க்ரெச் குழந்தையிடமிருந்து வராது, கொசுவிடமிருந்துதான் வரும்.

ஒரு கண்ணாடி டம்ளர் போதும்!

தடிப்பின் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான வைரஸ் தடிப்பு அழுத்தியதும் வெளிறி மறையும். மறையாமல் ஊதாப் புள்ளியாக அப்படியே நின்றால்? அது தோலுக்குள் கசிந்த ரத்தம்! காய்ச்சலும் சேர்ந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி! மறைந்துவிட்டாலும் குழந்தை துவண்டு கிடந்தால், பால் குடிக்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், டம்ளர் சொல்வதைக் கேட்டு வீட்டில் இருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே டாக்டர்தான்.

இன்னொரு விஷயம் தெரியுமா? மருத்துவப் புத்தகங்களில் தடிப்புப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில்தான் இருந்தன! மாநிறத் தோலில் 'சிவப்பு' சிவப்பாகவே தெரியாது. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கறுப்பாகத் தெரியும். 2020-இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர், கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்கள் எப்படித் தெரியும் என்று தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடே போட்டார். மாணவர்! நம் குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம் பார்த்தால் கண்ணுக்கு ஏமாற்றம் குறையும். விரலால் தடவினால் கண்ணுக்குத் தப்பியதும் தட்டுப்படும்!

இப்போதே கடன் கட்டும் குழந்தைகள்!

க்ரெச்சுக்குப் போகும் குழந்தைக்கு வருடத்துக்கு 8 முதல் 12 முறைகூடச் சளி, காய்ச்சல் வரலாம்! மாதத்துக்கு ஒன்று! 'என் பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி?' என்று கேட்காத தாய் உண்டா?

அமெரிக்காவின் டூசான் நகரில் குழந்தைகளைப் பிறந்தது முதல் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நிறைய குழந்தைகள் இருக்கும் காப்பகங்களுக்குப் போனவர்களுக்கு 2 வயதில் சளி அதிகம். எதிர்பார்த்ததுதான். அதே பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 11 வயது வரை? வீட்டிலேயே வளர்ந்தவர்களைவிடச் சளி குறைவு! அப்புறம் 13 வயதில்? இரண்டு கூட்டமும் சரிக்குச் சரி!